நாற்பத்தொன்று

வில்லாளிகள் பன்னிரண்டு பேர்.
சொன்ன சொல் தட்டாதவர்கள்.
அதுதான் சிக்கல்.

எய்லி அனுப்பிய காணொளி இருபத்தாறு வினாடி.
வேலிக்கு அப்பால் ஓர் எதிரிக் குதிரைவீரன்.
வலது சொடுக்கு.
அவன் காலடியில் சிவப்பு வளையம்
ஒருமுறை மின்னி அடங்குகிறது.
பன்னிரண்டு நாண்கள்.
அவன் விழுகிறான், கூடவே குதிரையும்.
இதுவரை எல்லாம் சரி.

பிறகு அவர்கள் திரும்புகிறார்கள்,
ஒன்றாக, ஒரே கோணத்தில்,
நம் மாவு ஆலையிலிருந்து
அப்போதுதான் மூட்டையோடு வெளியே வந்த
ஒரு கோதுமைக்காரியை நோக்கி.

"இவள் என்ன தப்புச் செய்தாள்?"
என்று மட்டும் எழுதியிருந்தாள் எய்லி.
அதன் கீழே:
முன்னுரிமை, நடுத்தரம்.

டண்டீயில் நவம்பர்.
நாலு மணிக்கு முன்பே ஆறு காணாமல் போய்விடும்.
பாலத்தின் மேல் ரயில் போகாது,
வரிசையாகச் சன்னல் வெளிச்சம் மட்டும் போகும்.
பக்கத்தில், இடிந்த பழைய பாலத்தின் அடிக்கட்டைகள்
எதையும் தாங்காமல் நிற்கும்.
ஈரக் கையுறையை ரேடியேட்டரில் போட்டுவிட்டு
வரிக்கு வரி இறங்கினேன்.

சொடுக்கு சரி. வளையம் சரி.
இடைமுகம் கட்டளையைப் பணிவாக வாங்கி
பணிவாகக் கீழே கொடுத்திருக்கிறது.
இலக்கு என்ற பெட்டியில் ஒரே ஓர் எண்:
நாற்பத்தொன்று.

குதிரைவீரன் குடியிருந்த இடம் அது.
அவன் செத்ததும் இடம் காலி.
ஆலை அடுத்த ஆளைப் பெற்றெடுத்தபோது
காலியான முதல் இடத்தைக் கொடுத்துவிட்டது.
சிக்கனமான நிரல்.
மார்ச்சில் நான் எழுதியது.
அன்று எனக்கு நானே ஒரு பன் வாங்கிக்கொண்டேன்.

நண்பனா பகைவனா என்று
சொடுக்கும்போது ஒருமுறை கேட்கிறோம்.
அதற்குப் பிறகு யாரும் கேட்பதில்லை.

வீடு மூன்றாம் மாடி, இடது கதவு.
மிதியடியில் மறுபடி அந்தப் பழுப்பு உறை.
திரு. ஹேமிஷ் அர்கட். இறுதி அறிவிப்பு.
அவருடைய இறுதி அறிவிப்புகள்
எனக்கு இதோடு ஏழு.
ஆளைப் பார்த்ததில்லை.
கதவுக்குப் பின்னால் அவர் அடித்த ஆணி இருக்கிறது,
அதில் என் குடை தொங்குகிறது.

செப்டம்பரில் இருவர் வந்தார்கள்.
வாடகை ஒப்பந்தம், மின்கட்டணம்,
கடைசியில் பாஸ்போர்ட்டையும் காட்டினேன்
நான் ஹேமிஷ் இல்லை என்பதற்கு.
ஐந்தடி உயரம், மஞ்சள் ஸ்வெட்டர், தலையில் எண்ணெய்.
ஒருவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
"உறுதியாகவா?" என்றார்.

உறையைக் கையில் வைத்துக்கொண்டு
இருட்டுப் படிக்கட்டில் சிரித்தேன்.
எதிர்வீட்டு நாய் குரைத்தது.

மறுநாள், ஒவ்வோர் இடத்துக்கும்
இன்னொரு எண் சேர்த்தேன்:
இங்கே இது எத்தனையாவது ஆள்.
குறி நாற்பத்தொன்று, மூன்றாம் ஆள்.
இருப்பது நான்காம் ஆள் என்றால்
கட்டளை செத்தது.
ஒன்பது வரி. முக்கால் மணி நேரம்.

அதற்குப் பிறகு மதியம் முழுக்கச் சண்டை.
குறி இல்லாமல் போனால் வீரன் என்ன செய்வான்?
"அடுத்த எதிரியைத் தேடட்டும்,
சும்மா நின்றால் ஆடுகிறவன் திட்டுவான்" என்றான் ஃபெர்கஸ்.
அவன் சொன்னதில் நியாயம் இருந்தது.
நிற்கட்டும் என்றேன்.
ஏன் என்று கேட்டான். கோவையாகச் சொல்ல வரவில்லை.
இரண்டு வினாடி நிற்கட்டும், பிறகு தேடட்டும்
என்று முடிந்தது.

அந்த இரண்டு வினாடியில்தான்
கோதுமைக்காரி அவர்கள் நடுவே போனாள்.
வில் தாழ்ந்திருந்தது.
வழிவிடும் நிரல் வேறு யாரோ எழுதியது,
அதன்படி நாலு வில்லாளிகள்
அரையடி விலகி நின்றார்கள்.
மூட்டை களஞ்சியம் சேர்ந்தது.
திரையின் மூலையில்: உணவு, பத்து கூடுதல்.

எய்லி வழுவை மூடினாள்.

வெள்ளிக்கிழமை எட்டாவது உறை.
"இந்த முகவரியில் இல்லை" என்று
மேலே பெரிதாக எழுதி
பெர்த் ரோட்டின் சிவப்புப் பெட்டியில் போட்டேன்,
எப்போதும்போல.
அந்தப் பக்கம் யார் சொடுக்கினார்கள்,
எந்த மார்ச்சில்,
தெரியவில்லை.